அடிக்கும் வீட்டிலிருந்து குறைந்த பணத்தில் பாதுகாப்பாக வெளியேறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் கணவனின் வன்முறையிலிருந்து வெளியேற நினைக்கும், கையில் அதிகப் பணம் இல்லாத பெண்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படிப்பட்ட பெண்களோடு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் துணைக்குப் போய் வருகிறவள் என்பதால், பலரும் இடறும் இடங்கள் எனக்குத் தெரியும்.

முக்கியமான இடறல்கள் இரண்டு. காலையில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு மாலையில் அதே வீட்டுக்குத் திரும்புவது ஒன்று. போதுமான பணம் சேரட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருப்பது இன்னொன்று. இரண்டுமே வரிசை தவறியதால் வருபவை. முதலில் போய்த் தங்கும் இடம், பிறகு தாள்கள், கைபேசி, பணம், அதன் பிறகு வெளியேறுதல். புகாரும் வழக்கும் நீங்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். கணவனுக்கு விஷயம் கடைசியாகத் தெரிய வேண்டும். பெண் விலகப் போகிறாள் என்று தெரியவரும் நேரத்திலும் விலகிய உடனேயும்தான் வன்முறை உச்சத்துக்குப் போகிறது.

உங்கள் கைபேசியை அவர் எடுத்துப் பார்ப்பவர் என்றால் இதை வேறொருவரின் கைபேசியில் படியுங்கள்.

1. இன்றே உயிருக்கு ஆபத்து என்றால் இந்த வரிசையை விட்டுவிடுங்கள்

கழுத்தை நெரித்தது, மண்ணெண்ணெய் அல்லது பெட்ரோலைக் காட்டி மிரட்டியது, அரிவாளை எடுத்தது ஆகியவை வழக்கமான அடியோடு சேர்த்து எண்ணக்கூடியவை அல்ல. குறிப்பாகக் கழுத்தை நெரித்தவர் அடுத்த முறை கொல்லக்கூடும். இவற்றில் ஒன்று நடந்திருந்தால் திட்டம் போட்டுக்கொண்டிருக்காமல் குழந்தைகளோடு வெளியேறுங்கள்.

அடி தொடங்கும்போது சமையலறைக்குள்ளோ குளியலறைக்குள்ளோ ஓடாதீர்கள். ஒன்றில் கத்தியும் அடுப்பும் இருக்கின்றன. மற்றொன்றில் வெளியே போக வழியில்லை. தெருப் பக்கம் போங்கள், சத்தம் போடுங்கள். காவல் உதவிக்கு 112, பெண்கள் உதவி மையத்துக்கு 181. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன, கட்டணம் கிடையாது. தாள், நகை எதற்காகவும் திரும்பி உள்ளே போக வேண்டாம். அவற்றைப் பிறகு நீதிமன்றம் வழியாகக் கேட்டு வாங்க முடியும்.

2. போய்த் தங்கும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் அம்மா வீட்டுக்குத்தான் போகிறார்கள். அவர் முதலில் தேடி வரும் இடமும் அதுதான். பெரியப்பா, மாமா என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, கண்ணீர் விட்டு, காலில் விழுந்து அழைத்துப் போய்விடுவார். உங்கள் பக்கம் உறுதியாக நிற்பார்கள் என்று தெரிந்தால் மட்டும் தாய்வீட்டைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் முதல் சில நாட்களை வேறிடத்தில் கழிப்பது நல்லது.

காசில்லாமல் தங்க அரசு இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மாவட்டத்திலும் சகி என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையம் உண்டு. அங்கே பொதுவாக 5 நாட்கள் வரை தங்கலாம். உணவு, மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அந்த 5 நாட்களுக்குள் நீண்ட நாள் தங்கும் இல்லத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்வார்கள். சுவாதார் இல்லம் என்று அழைக்கப்பட்டு இப்போது சக்தி சதன் என்று பெயர் மாறியிருக்கும் இல்லங்களும், சமூக நலத் துறை நடத்தும் அரசு சேவை இல்லங்களும் இதற்காக இருக்கின்றன.

181க்கு அழைத்து உங்கள் மாவட்ட மையம் எங்கே இருக்கிறது, இப்போது இடம் இருக்கிறதா, வளர்ந்த மகன் கூட வந்தால் வயது வரம்பு என்ன என்று முன்பே கேளுங்கள். மகனின் வயதைச் சொல்லாமல் போய் வாசலில் தவிக்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். பெயரைச் சொல்லாமலே இவற்றைக் கேட்கலாம். பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலில் அந்த எண்ணை அழித்துவிடுங்கள்.

அவருக்குச் செல்வாக்கு உள்ள ஊர் என்றால் பக்கத்து மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். குடும்ப வன்முறைச் சட்டப்படி நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனு போடலாம்.

3. ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்

ஒரே ஒருவர் போதும். அவர் உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வராதவராக, உங்கள் கணவரின் நட்பு வட்டத்துக்கு வெளியே இருப்பவராக இருக்க வேண்டும். வேலை செய்யும் இடத்துத் தோழி, பிள்ளையின் ஆசிரியை, பழைய பள்ளித் தோழி என்று யோசியுங்கள். நாத்தனார் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் வேண்டாம். அவரை இரண்டு பக்கமும் இழுபட வைப்பது அவருக்கும் நல்லதல்ல.

பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளையால் ரகசியம் காக்க முடியாது. காக்கும்படி கேட்பதும் நியாயமில்லை.

4. தாள்கள்: நகல் முதலில், அசல் கடைசியில்

பீரோவில் அசல்கள் காணாமல் போனால் அன்றே சந்தேகம் வந்துவிடும். அதனால் முதல் சுற்றில் நகல் மட்டும். உங்கள் தெருக் கடையில் வேண்டாம். வேறு பகுதியில் ஜெராக்ஸ் எடுத்து அந்த ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். வெளியேறும் நாளில் அசல்களை எடுத்துக்கொள்ளலாம். எடுக்க முடியாமல் போனாலும் நகலை வைத்து வேலையைத் தொடங்கிவிட முடியும்.

தேவையானவை: உங்கள் ஆதார், குழந்தைகளின் ஆதார், பிறப்புச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், உங்கள் படிப்புச் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், காப்பீட்டு அட்டை, மருந்துச் சீட்டுகள். திருமணத்தைப் பதிவு செய்யாதவர்கள் கல்யாணப் பத்திரிகையையும் நகையோடு இருக்கும் கல்யாணப் படங்களையும் எடுத்து வையுங்கள். தாய்வீட்டில் போட்ட நகை உங்கள் சொத்து. அதைத் திரும்பக் கேட்கும்போது ஆல்பத்தில் உள்ள படம்தான் பேசும்.

பலரும் மறப்பது கணவரின் விவரங்கள். அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயர், முகவரி, சம்பளச் சீட்டு, வங்கிக் கிளை, வண்டி எண், நிலம் இருந்தால் பட்டா எண். பின்னால் மாதத் தொகை கேட்கும்போது 'எனக்கு வேலையே இல்லை' என்று அவர் சொல்லத்தான் போகிறார். நீதிமன்றம் உத்தரவிட்ட தொகையை அவர் கட்டாவிட்டால், சம்பளத்திலிருந்து நேரடியாகப் பிடித்துத் தரும்படி முதலாளிக்கே உத்தரவிட சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்கு முதலாளி யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

5. கைபேசி எண்தான் உண்மையான பூட்டு

இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சிம் கணவர் பெயரில் இருக்கும். ஆதார், வங்கி, குடும்ப அட்டை எல்லாம் அவர் எண்ணோடு இணைந்திருக்கும். வெளியேறிய பிறகு எந்த வேலைக்குப் போனாலும் ஓ.டி.பி. அவர் கைக்குப் போகும். நீங்கள் இன்ன வங்கியில் நிற்கிறீர்கள் என்பதும் அதோடு தெரிந்துவிடும்.

ஆகவே முதலில் உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்கி, விலை குறைந்த பட்டன் போனில் போட்டு, வீட்டுக்கு வெளியே வையுங்கள். பிறகு ஆதார் மையத்துக்குப் போய்ப் புதிய எண்ணை இணையுங்கள். கைரேகை போதும், பழைய எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. தேவையில்லை. எண் மாறச் சில நாட்கள் எடுக்கும் என்பதால் இதை வெளியேறும் வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது வைத்திருக்கும் கைபேசியில் கூகுள் மேப்ஸ் இருப்பிடப் பகிர்வு, வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள், அவரும் பயன்படுத்தும் கூகுள் கணக்கு ஆகியவற்றைப் பாருங்கள். பாருங்கள் என்றுதான் சொல்கிறேன், அணைக்கச் சொல்லவில்லை. திடீரென்று இருப்பிடம் தெரியாமல் போனால் அதுவே அவருக்கு எச்சரிக்கை. வெளியேறும் நாளில் அந்தக் கைபேசியை அணைத்து வீட்டிலேயே விட்டுப் போவது எல்லாவற்றிலும் எளிது. அதில் உள்ள மிரட்டல் செய்திகள் சான்றாக வேண்டும் என்றால் அணைத்தபடியே எடுத்துச் சென்று, மையத்தில் ஆலோசகர் முன்னிலையில் திறங்கள்.

6. பணம்: எவ்வளவு போதும், எங்கிருந்து வரும்

தங்க இடமும் சாப்பாடும் வழக்கறிஞரும் இலவசமாகக் கிடைக்கும்போது முதல் மாதத்துக்குத் தேவைப்படுவது பஸ் செலவு, மருந்து, கைபேசிக் கட்டணம், குழந்தைகளுக்குச் சில்லறைச் செலவு. சில ஆயிரம் ரூபாயில் இதைச் சமாளிக்கலாம். வாடகை வீட்டுக்கு முன்பணம் சேரட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் அதிக நாள் அடிபடுகிறார்கள். வாடகை வீடு மூன்றாம், நான்காம் மாதத்து வேலை.

சேமிப்புக்கு உங்கள் பெயரில் மட்டும் கணக்குத் தொடங்குங்கள். ஜன் தன் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. கணவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலோ, உங்களைத் தெரிந்தவர் வேலை செய்யும் கிளையிலோ தொடங்க வேண்டாம். புதிய கைபேசி எண்ணைக் கொடுங்கள். பாஸ்புக் அந்த ஒருவரிடம் இருக்கட்டும்.

வீட்டுச் செலவுப் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரே வாரத்தில் பெரிய தொகை குறைந்தால் கேள்வி வரும். சீட்டு போடுகிறவர்கள் கடைசித் தவணை வரை காத்திருக்காமல் முன்னதாக எடுக்க முடியுமா என்று பாருங்கள். ஆனால் தெருவில் நடக்கும் சீட்டில் யார் எடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நகையை உள்ளூர் அடகுக் கடையில் வைக்கவே வேண்டாம். கடைக்காரரும் உங்கள் கணவரும் ஒரே டீக்கடையில் நிற்பவர்கள். வேறு ஊருக்குப் போன பிறகு வங்கியில் நகைக்கடன் வாங்கலாம்.

சம்பளமோ மகளிர் உரிமைத் தொகையோ உங்கள் கணக்குக்கு வந்து, ஏ.டி.எம். அட்டை அவரிடம் இருந்தால் அட்டையை முன்கூட்டி முடக்காதீர்கள். வெளியேறிப் பாதுகாப்பான இடம் சேர்ந்ததும் முதல் வேலையாக வங்கிக்கு அழைத்து முடக்குங்கள்.

சுயஉதவிக் குழுக் கடனும் நுண்கடனும் தனிச் சிக்கல். நீங்கள் தவணை கட்டாமல் போனால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் தலையில் விழும். கோபத்தில் அவர்களே உங்களைத் தேடத் தொடங்குவார்கள். முடிந்தால் ஒரு தவணையைக் கட்டிவிட்டு அடுத்த நாள் வெளியேறுங்கள். தேடல் தொடங்கும் முன் உங்களுக்குச் சில நாட்கள் கிடைக்கும். பிறகு புதிய எண்ணிலிருந்து கடன் கொடுத்த கிளையின் மேலாளரிடம் பேசி அவகாசம் கேளுங்கள். முகவரி சொல்லத் தேவையில்லை.

7. காயத்தைப் பதிவு செய்யுங்கள்

அடிபட்டால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 'படியில் விழுந்தேன்' என்று சொல்லாதீர்கள். யார், எதைக் கொண்டு அடித்தார் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், நீங்கள் சொன்னபடி எழுதுவார். பல வழக்குகளில் பலமான சான்று இந்த ஒரு தாள்தான். விழுந்ததாகச் சொன்ன பதிவை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டாயம் எடுத்து நீட்டுவார். ஆனால் ஏ.ஆர். போட்டால் மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகக்கூடும். அதனால் அன்றே வீடு திரும்புவது பாதுகாப்பா என்று யோசித்து, இல்லையென்றால் அங்கிருந்தே சகி மையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

காயத்தைப் படம் எடுத்தால் முகமும் காயமும் ஒரே படத்தில் தெரியட்டும். பிறகு நெருங்கி ஒன்று. அதை அந்த ஒருவருக்கு அனுப்பிவிட்டு உங்கள் கைபேசியில் அழியுங்கள். குப்பைத் தொட்டிக் கோப்புறையிலும் அழியுங்கள்.

8. குழந்தைகளை விட்டுவிட்டுப் போகாதீர்கள்

'நான் முதலில் போய் நிலைபெற்று, பிறகு கூப்பிட்டுக்கொள்கிறேன்' என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் விட்டுப் போன பிள்ளையைத் திரும்பப் பெற மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பிள்ளையைக் காட்டியே உங்களை வரவழைப்பார்கள். நீதிமன்ற உத்தரவு ஏதும் இல்லாத நிலையில் தாய் தன் பிள்ளையை அழைத்துச் செல்வதைப் பொதுவாகக் குற்றமாகப் பார்ப்பதில்லை. போனதும் குடும்ப வன்முறை மனுவிலேயே தற்காலிகப் பொறுப்பையும் கேளுங்கள்.

மாற்றுச் சான்றிதழுக்காக வெளியேறுவதைத் தள்ளிப்போட வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்கு, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்கை மறுக்க முடியாது. பள்ளியில் பிள்ளைக்குத் தந்திருக்கும் எமிஸ் அடையாள எண்ணை மட்டும் குறித்து வையுங்கள். சேர்த்ததும், யார் வந்தால் பிள்ளையை அனுப்பக் கூடாது என்று தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

9. வெளியேறும் நாள்

திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாள், அவர் வேலைக்குப் போன பிறகு. வெள்ளி மாலை கிளம்பினால் அலுவலகங்களும் நீதிமன்றமும் இரண்டு நாள் மூடியிருக்கும். அவருக்குத் தேடுவதற்கு அந்த இரண்டு நாட்கள் போதும். பண்டிகைக்கு முந்தைய நாளும் வேண்டாம்.

ரேஷன் கடைக்கோ மருத்துவமனைக்கோ போவது போலக் கிளம்புங்கள். கையில் ஒரு துணிப்பை மட்டும். மாற்று உடைகளை முன்பே அந்த ஒருவரிடம் சேர்த்திருக்க வேண்டும். பெட்டியோடு தெருவில் நடந்தால் பத்து நிமிடத்தில் மாமியாருக்குத் தகவல் போய்விடும்.

உங்கள் ஊர் நிறுத்தத்தில் வெளியூர் பஸ் ஏறாதீர்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்தில் இரண்டு, மூன்று நிறுத்தம் தாண்டி இறங்கி அங்கிருந்து மாறுங்கள். வெளியூர்ப் பேருந்துக்குப் பணம் தேவை, ரொக்கமாகக் கொடுங்கள். முன்பதிவும் யு.பி.ஐ.யும் தடயம் விடும்.

கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகத் தோன்றும். வேண்டாம். நிதானமிழந்து எழுதிய ஒரு வரி பிறகு உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படும்.

10. 'பெண் காணவில்லை' என்ற புகாரை முந்துங்கள்

அன்று இரவுக்குள் அவர் காவல் நிலையத்தில் உங்களைக் காணவில்லை என்று புகார் கொடுக்கக்கூடும். காவல் துறை உங்களைத் தேடிக் கண்டுபிடித்து விசாரிக்கும். அதைத் தவிர்க்க, தங்குமிடம் சேர்ந்ததும் ஒரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் வயது வந்தவர், குடும்ப வன்முறை காரணமாகச் சுயவிருப்பத்தில் குழந்தைகளோடு வெளியேறியிருக்கிறீர்கள், பாதுகாப்பாக இருக்கிறீர்கள், உங்கள் முகவரியைக் கணவருக்குத் தரக் கூடாது. இந்த நான்கும் இருந்தால் போதும்.

சகி மையம் அல்லது அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையம் வழியாக அதை உங்கள் ஊர் நிலையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒப்புகையோடு விரைவுத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். வயது வந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகக் கணவரிடம் ஒப்படைக்கக் காவல் துறைக்கு அதிகாரம் கிடையாது.

11. இப்போது மனு

பலர் நினைப்பது போல வழக்கு காவல் நிலையத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போனால் அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். அடி மட்டுமல்ல, வசைச் சொல், பாலியல் வன்முறை, செலவுக்குப் பணம் தராமல் வைத்திருப்பது எல்லாமே இந்தச் சட்டத்தின் கீழ் வன்முறைதான். எந்த மதத்தவருக்கும் பொருந்தும். திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் பொருந்தும்.

வழக்கறிஞருக்குப் பணம் தேடாதீர்கள். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் தருகிறார்கள். தொலைபேசி 15100.

ஒரே மனுவில் ஐந்தையும் கேளுங்கள்: அவர் நெருங்காமல் இருக்கப் பாதுகாப்பு உத்தரவு, தங்குமிடம் அல்லது வாடகை, மாதத் தொகை, குழந்தைகளின் பொறுப்பு, நகையும் தாள்களும் திரும்ப வருதல். இடைக்கால உத்தரவையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். மனுவை 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும். அந்த இடைவெளியில் உங்களைக் காப்பது இடைக்கால உத்தரவுதான். பாதுகாப்பு உத்தரவை அவர் மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

மனுவில் முகவரியாக வழக்கறிஞரின் முகவரியைக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். மனுவின் நகல் கணவர் கைக்குப் போகும்.

வீட்டை விட்டு வந்ததால் வீட்டின் மீதான உரிமை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். முன்பு சேர்ந்து வாழ்ந்திருந்தாலே இந்தச் சட்டப்படி கேட்கலாம். குற்ற வழக்கும் வேண்டும் என்றால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவில் (கணவனின் கொடுமை) மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். முதலில் விசாரணைதான் நடக்கும் என்று சொல்வார்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள். ரசீது இல்லையென்றால் நீங்கள் வந்ததற்கே சாட்சி இல்லை.

12. சமாதானப் பேச்சில் கையெழுத்து

நிலையத்தில் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். 'இனிமேல் ஒழுங்காக நடந்துகொள்வேன்' என்று அவர் எழுதிக் கொடுப்பார். அதே தாளில் 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று உங்களிடமும் கையெழுத்துக் கேட்பார்கள். அன்றே கையெழுத்திட வேண்டிய கட்டாயம் கிடையாது. 'வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிறேன்' என்று சொல்லி எழுந்து வாருங்கள். போகும்போது தனியாகப் போகாதீர்கள்; திரும்பும்போது நேராகத் தங்குமிடத்துக்கு வராமல் பஸ் மாறி வாருங்கள்.

பலர் ஒருமுறை திரும்பிப் போகத்தான் செய்கிறார்கள். போனால் வங்கிக் கணக்கு, சிம், நகல்கள் மூன்றும் வெளியே இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

13. அவசரமில்லாத வேலைகள்

ஆதார் முகவரி மாற்றம், குடும்ப அட்டை, காப்பீட்டு வாரிசு நியமனம் எல்லாம் இரண்டாம் மாதத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குடும்ப அட்டையிலிருந்து பெயரை இணையத்தில் நீக்க முயலாதீர்கள், ஓ.டி.பி. பதிவான எண்ணுக்கு, அதாவது அவருக்கு, போகும். நீதிமன்ற மனுவின் நகலோடு வட்ட வழங்கல் அலுவலரை நேரில் பார்த்துத் தனி அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். வேலை கிடைத்தவர்கள் தோழி விடுதி போன்ற பணிபுரியும் மகளிர் விடுதிகளில் முதலில் விசாரியுங்கள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தர யோசிக்கும் உரிமையாளர்களிடம் அலைவதை அது குறைக்கும்.